கண்கட்டு விதை

அக்கா தன்னை ஏமாற்றியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் குழந்தைவேல் அன்று மலையேறினான்.

எந்தத் தம்பியும் இப்படி ஒரு வேண்டுதல் வைத்திருக்க மாட்டான். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தான். "சாமி, எங்க அக்கா எங்கிட்ட மறைச்சிருக்கணும். வாரியத்தையும் சட்டத்தையும் சேர்த்து ஏமாத்தியிருக்கணும்" என்று வாய்விட்டே சொன்னான். தேங்காய் பொறுக்க வந்தவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனார். அவன் மறுபடி ஏறி உட்கார்ந்ததும், ஓட்ட ஆளில்லாத அந்த வண்டி தானாகக் கிளம்பி வளைவுகளில் ஏறத் தொடங்கியது.

நம்பிக்கை இல்லாமல் அவன் வேண்டவில்லை. அவன் அக்கா மோகனா யார் சொல்லியும் எதையும் கேட்டவள் இல்லை. அப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு லாரி ஓட்டுநர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, திண்டுக்கல்லுக்கு வந்து தன்னோடு இரு என்று வேல் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தான். "உன் வீட்டு ஜன்னலைத் திறந்தா இன்னொருத்தன் வீட்டு ஜன்னலு" என்று சொல்லி மறுத்துவிட்டாள். வயலைப் படமெடுக்க வந்த அரசாங்க ட்ரோனைத் துடைப்பக்கட்டையால் அடித்து வீழ்த்தி, கோழி அடைக்கிற பஞ்சாரத்தில் போட்டுக் கவிழ்த்து வைத்திருந்தாள். அதை மீட்டுக்கொண்டு போவதற்குள் வேலுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அப்படிப்பட்டவள், எரித்துவிடு என்று தம்பி சொன்னால் எரித்துவிடுவாளா? மாட்டாள். எங்கேயாவது ஒரு பானையில், ஒரு துணி முடிச்சில், விதை இருக்கும். இருந்தே ஆக வேண்டும்.

வேல், தானியப் பாதுகாப்பு வாரியத்தில் விதைத் தூய்மைப் பிரிவின் தலைமை அதிகாரி. தூய்மை என்றால் அங்கே ஒரே பொருள்தான். நாடு முழுக்க விளைகிற கோதுமைக்கு ஏகம் என்று பெயர். ஒரு செடியைப் பார்த்தால் எல்லாச் செடியையும் பார்த்த மாதிரி. ஒரே உயரம், ஒரே நாளில் பூ, ஒரே நாளில் அறுப்பு. பரிசோதனைச் சாலையில் மரபணுவைத் திருத்தி உண்டாக்கிய பயிர். அது வந்த பிறகுதான் ரொட்டிக்குப் பறந்த காலம் போயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலின் பிரிவுக்கு வேலை, ஏகத்தின் நடுவே வேறு மாதிரி ஒரு கதிர் தலைகாட்டினால் அதைப் பிடுங்கி எறிவது. கதிரைப் பார்த்த மாத்திரத்தில் நல்லது கெட்டது சொல்லுகிற கண் அவனுக்கு இருந்தது. அந்தக் கண்ணால்தான் மேலே வந்தான், அந்தக் கண்ணால்தான் கெட்டான்.

இரண்டு அறுப்புக்கு முன்னால் ஓர் உத்தரவு வந்தது. மலைகளில் யாரும் கோதுமை போடக் கூடாது, நிற்பதை எரித்துவிட வேண்டும் என்று. இயக்குநர் ரிஸ்வானா கையெழுத்துப் போட்டிருந்தார். பழனி மலைப் பக்கம் மிச்சமிருந்தது ஒரே ஒரு வயல், தேன்பாறை ஊரின் சரிவில். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று வேல் சொல்லியிருக்கலாம். அனுப்பினால் துடைப்பக்கட்டை அவர்கள் மேல் விழும், அக்காவை உள்ளே பிடித்துப் போடுவார்கள் என்று பயந்து தானே போனான்.

அன்று மோகனா வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். அவள் வயலில் நின்றது சம்பா கோதுமை. ஏகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வயலாகவே படாது. இடுப்புக்கு மேல் ஒன்று, முழங்காலுக்கு ஒன்று. சிவந்த கதிர், வெளுத்த கதிர், மீசை கறுத்த கதிர். எல்லாம் கலந்து கட்டி நின்றன. பாசம் கீசம் என்று அவள் அதை வைத்திருக்கவில்லை. அந்தச் சரிவில் வேறு எதுவும் சரியாக வராது, சர்க்கரை வியாதிக்காரர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள், அவ்வளவுதான். உமி லேசில் பிரியாத அந்தச் சனியனைக் குத்திக் குத்தித் தோள் இறங்கிப்போனது என்று வருகிறவரிடமெல்லாம் புலம்புவாள்.

வேல் வயலுக்குள் இறங்கி நடந்தான். கால்சட்டையெல்லாம் செங்காவித் தூள் அப்பிக்கொண்டது. தண்டுகளில் பாதிக்குமேல் துருநோய். பழைய இரும்பைத் தேய்த்த மாதிரி பொடி உதிர்ந்தது.

"என்னக்கா இது, பாதி வயல் சீக்குல நிக்குது."

"வருஷா வருஷம் வர்றதுதான். சீக்கு வந்தது கொஞ்சம் சோணியா விளையும். ஆனா விளைஞ்சிரும்."

"அதாங்க்கா விவகாரமே. கீழ சமவெளி வெயில்ல இந்தப் பொடி செத்துப்போயிரும். வருஷம் பூரா உசிரோட இருக்க அதுக்குக் குளுந்த இடமும் பச்சைக் கோதுமையும் வேணும். ரெண்டும் இங்கதான் கிடைக்குது. இங்க தங்கிட்டு, காத்துல கிளம்பி வடக்க போய் விழுது."

"அங்க இருக்கிறதுக்குத்தான் சீக்கே வராதுன்னு நீ போன தடவை பீத்திக்கிட்டியே."

"வராது. உள்ள ஒரு பூட்டுப் போட்டிருக்கோம், துரு நுழைய முடியாது. ஆனா கோடிக்கணக்குல திருடங்க, ஆளுக்கொரு சாவியோட சுத்திக்கிட்டே இருந்தா, என்னைக்காவது ஒருத்தன் சாவி பொருந்திருமில்ல? அதனால திருடனுக்குத் தங்க இடமே இல்லாமப் பண்ணணும்."

மோகனா வயலைப் பார்த்தாள். "முன்னாடி இதே சீக்கு இங்க இருந்து போய்க்கிட்டுத்தானே இருந்திருக்கும். அப்ப வடக்க எல்லாம் அழிஞ்சா போச்சு?"

"அப்ப ஊருக்கு ஒரு கோதுமை, வீட்டுக்கு ஒரு கோதுமை. ஒண்ணுல வந்தா பக்கத்துல இருக்கிறதுல வராது. இப்பதான் எல்லாம் ஒண்ணாச்சே."

வேல் இதைத் தன் வாயாலேயே சொன்னான். சொல்லிவிட்டு, அது தன் காதில் விழாத மாதிரி அடுத்த பேச்சுக்குப் போய்விட்டான். படித்தவர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. பதிலை வாயில் அதக்கிக்கொண்டே அதை ஊரெல்லாம் தேடுவார்கள்.

எரிப்பதற்குமுன் குளிர்கிடங்குக்குக் கொஞ்சம் விதை எடுத்துக்கொள்ள வாரியம் அனுமதித்திருந்தது. அந்த அனுமதிக்காக வேல் மேலிடத்தில் நாள்கணக்கில் மன்றாடியிருந்தான். அக்காவுக்கு அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். "உன் கோதுமை அழியாதுக்கா. நான் பத்திரமா வச்சிருப்பேன்" என்றான்.

தேன்பாறையில் விதை எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. அறுப்புக்கு முதல் நாள், வயலுக்குச் சொந்தக்காரி ஈரத்துண்டால் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டு பயிருக்குள் இறங்குவாள். தடவித் தடவி நடந்து, கையில் அகப்பட்ட கதிரையெல்லாம் ஒடித்து மடியில் போட்டுக்கொள்வாள். அதுதான் அடுத்த வருஷத்து விதை. நெட்டையோ குட்டையோ, சீக்கோ சுகமோ, கையில் வந்ததைக் கீழே போடக் கூடாது.

"இருடா, கண்ணைக் கட்டிவிடுறேன். நீயே இறங்கி எடு" என்றாள் மோகனா, தோளில் கிடந்த துண்டை உருவியபடி.

வேல் சிரித்துவிட்டான். "கண்ணு இருக்கிறதே நல்ல விதையா எடுக்கத்தாங்க்கா."

"பார்த்துப் பார்த்து நல்லதை எடுத்தா மத்ததெல்லாம் ஏங்கிப்போகும்னு எங்க மாமியா சொல்லும்."

"கோதுமை ஏங்கிப்போகுமா?"

"எனக்கென்னடா தெரியும். செய்யலைன்னா மனசு ஒரு மாதிரி இருக்கும். அதுக்காகச் செய்யிறதுதான்."

அவள் கையிலிருந்த துண்டைக் கவனித்தான். நெடுகக் கோதுமை மீசைகள் ஒட்டியிருந்தன. ஈரம் இன்னும் காயவில்லை. கள்ளி, தன் பங்குக்கு ஏற்கனவே எடுத்துவிட்டாள் என்று புரிந்தது. சட்டையில் குத்தியிருந்த வாரியத்துக் கேமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருந்ததால், உடம்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வயலுக்குள் போய்விட்டான்.

பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தான். துரு அண்டாத, தண்டு பளபளவென்று இருந்த, மணி திரண்ட சிவப்புக் கதிர்கள். அப்படிப்பட்டவை நிறையவே இருந்தன. சீக்குப் பிடித்துச் சோணியாக நின்றவற்றின் பக்கம் கை போகவில்லை. சீக்குக் கதிரை விதைக்கு எடுக்கிறவனை அவன் பிரிவில் வேலைக்கே சேர்க்க மாட்டார்கள். பை நிறைந்ததும் வயலுக்குத் தீ வைத்தார்கள். காய்ந்த பயிர், படபடவென்று பிடித்துக்கொண்டது. மோகனா முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றாள். வேல்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கிளம்பும்போது கேமராவுக்காக ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னான். "வீட்டுல ஒரு மணி விதை வச்சிருந்தாலும் குத்தம்க்கா. எடுத்தாங்கன்னா உனக்கு மட்டும் இல்ல, எனக்கும் வேலை போயிரும். உள்ள தூக்கிப் போட்டிருவாங்க. இருந்தா இப்பவே எரிச்சிரு." கண்ணைச் சிமிட்டக்கூட வழியில்லை. ஆனால் வீட்டைச் சோதனை போடாமலேயே, சோதனை முடிந்தது என்று அறிக்கை கொடுத்தான். அது போதும், அக்கா புரிந்துகொள்வாள், புரியாவிட்டாலும் எவன் பேச்சைக் கேட்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

அதற்கடுத்த வருஷம் திருடனுக்குச் சாவி பொருந்திவிட்டது. மலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எந்தக் கடல் தாண்டி, எந்தக் காற்றில் வந்தது என்று இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். வடக்கே ஒரு மாவட்டத்தில் தண்டு சிவந்தது என்று செய்தி வந்தது. படிக்கிறவர்கள் படித்து முடிப்பதற்குள் அடுத்த மாவட்டம். ஒரே பூட்டுப் போட்ட வீடுகள், ஒரே சாவி. இந்தப் பயிருக்குச் சீக்கு வந்தால் தாங்கத் தெரியாது, ஏனென்றால் அதற்குச் சீக்கே வந்ததில்லை. துரு தொட்ட இடத்தில் அப்படியே படுத்தது.

தமிழ்நாட்டுக்காரன் சோறு தின்கிறவன்தானே என்று முதலில் அலட்சியமாக இருந்தார்கள். பரோட்டாக் கடைகள் மூடியபோது சலித்துக்கொண்டார்கள். பிறகு இங்கிருந்த அரிசியெல்லாம் ரயிலேறி வடக்கே போகத் தொடங்கியதும் ரேஷன் கடை வாசலில் அடிதடி. வேல் வீட்டுக்கு எதிரே கட்டட வேலை செய்த ரஞ்சித் என்ற பீகார்க்காரர் ஒருநாள் அவனை வழிமறித்தார். "சார், நீங்க கோதுமை ஆபீஸ்தானே? கோதுமை எப்ப வரும் சார்? ஊர்ல அம்மா சோறு தின்னா ரொட்டி தின்ன மாதிரி இல்லைன்னு அழுதா. இப்ப சோறும் இல்லைன்னு போன்லயே வர்றதில்ல." வேல் என்னவோ சமாதானம் சொன்னான். அதற்குப் பிறகு ரஞ்சித் வேலைக்கு வரவில்லை. ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

வாரியம் தேடாத இடமில்லை. வெளிநாட்டுக் கிடங்குகளிலும் இதே கதைதான். இடத்தை அடைக்கிறது என்று பழையதைக் கழித்துவிட்டு, ஏகத்தின் அண்ணன் தம்பிகளைத்தான் அடுக்கி வைத்திருந்தார்கள். கடைசியில் வேலின் பையை வெளியே எடுத்தார்கள். மலைக்கோதுமை, காலங்காலமாகத் துருவோடு குடித்தனம் நடத்தியது, இது கைகொடுக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். இயக்குநர் தொலைக்காட்சியில் தோன்றி நாட்டுக்கே நம்பிக்கை சொன்னார். கண்ணாடி வீட்டுக்குள் விதைத்து, பயிர் எழும்பியதும் புதுத் துருவைத் தூவினார்கள். தூவிய சில நாளில் ஒரு செடி பாக்கியில்லாமல் செத்தது.

இயக்குநர் ரிஸ்வானா அவனைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். பல நாள் தூங்காத முகம்.

"வேல், இது அத்தனையும் ஒரே குடும்பம். மரபணுவைப் பார்த்துட்டோம். ஏகத்துக்குள்ள இருக்கிற அதே பூட்டு. எல்லாச் செடியிலயும் அது ஒண்ணுதான் இருக்கு."

"தெரியும் மேடம்."

"அந்த வயல் முழுக்க இதுதானா?"

"இல்லை மேடம். பூட்டு இருந்த செடிதான் சீக்கில்லாம நின்னிருக்கு, நான் அதை மட்டும் எடுத்துட்டேன். பாதிக்கு மேல சீக்கு வந்த செடி. சீக்கு வந்தும் சாகலை. மணி சோணியா இருந்துச்சு, ஆனா விளைஞ்சு நின்னுச்சு." "அதுக்குப் பூட்டே கிடையாது மேடம். திருடன் உள்ள வந்து கொஞ்சம் எடுத்துட்டுப் போனாலும் வீடு இடியாது. நமக்கு வேண்டியது அதுதான்."

"அது எங்கே?"

"எரிச்சுட்டோம்."

யார் உத்தரவில் என்று அவர் கேட்கவில்லை. மேஜைமேல் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த வயல்காரங்க எதையாவது மறைச்சு வச்சிருக்க வாய்ப்பு இருக்கா? ஒரு பிடி போதும். தண்டனை எதுவும் கிடையாது, நான் எழுதித் தர்றேன்" என்றார்.

வேல் தன்னை மறந்து சிரித்தான். "வயல்காரி எங்க அக்கா மேடம். கட்டாயம் வச்சிருப்பா."

அந்தத் தைரியத்தில்தான் இப்போது தேன்பாறைக்கு வந்து இறங்கினான். கோதுமை நின்ற சரிவில் வெள்ளைப்பூண்டு போட்டிருந்தாள். ஏதோ முளைத்திருந்தது, பாதி அழுகிக் கிடந்தது. மோகனா வாசலில் உட்கார்ந்து பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாடா. என்ன, கடன்காரன் மாதிரி தெருவுலயே நிக்கிற? முகமெல்லாம் ஏன் இப்படி வத்திப்போச்சு?" என்றாள். அவன் வாய் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "டிவியில பார்த்தேன். மலைக்கோதுமை விதை கையில இருக்கு, அதை வச்சு நாட்டைக் காப்பாத்திருவோம்னு உங்க ஆபீஸ் பெரியம்மணி சொன்னாங்க. நம்மளுதுதானே அது? நான் பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டேன். எங்க வயக்காட்டு விதைதான், எந்தம்பி எடுத்து வச்சதுன்னு."

வேல் சட்டையின் முன்பக்கத்தைப் பிரித்துக் காட்டினான். "பாருக்கா, கேமரா இல்லை. நான் ஆபீஸரா வரலை. அன்னைக்கு நீ கண்ணைக் கட்டிக்கிட்டு எடுத்தியே, அந்த விதை எங்க?"

மோகனா முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு வந்தது. "துண்டைப் பார்த்தப்பவே உனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு நினைச்சேன். பயப்படாத, ஒரு மணிகூட இல்லை."

"விளையாடாதக்கா."

"விளையாடலைடா. நீ அந்த வளைவு திரும்பினதும் அடுப்புல கொட்டிட்டேன்."

அவன் நம்பவில்லை. அவளைத் தாண்டி வீட்டுக்குள் போனான். அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவினான். பரணில் இருந்த சாக்குகளை இழுத்துக் கீழே போட்டான். அஞ்சறைப்பெட்டியைத் திறந்து கொட்டினான், தலையணை உறையைக் கழற்றி உதறினான், சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தான். கடுகு, மிளகு, பழைய பட்டன், மாமா போட்டோ. அன்றைக்குப் போடாத சோதனையை இன்றைக்குப் போட்டான். மோகனா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை, திட்டவும் இல்லை. அவள் திட்டாதது அவனை இன்னும் பயப்படுத்தியது.

"இத்தனை நாளைக்கப்புறம் உங்க ஆபீஸ்ல சந்தேகம் வந்து உன்னை அனுப்பிச்சாங்களா?" என்றாள், குரல் கம்மி. "சத்தியமா இல்லைடா. எனக்கு ஜெயிலுன்னா கூட வச்சிருப்பேன். போங்கடான்னு இருந்திருப்பேன். உன்னை உள்ள போடுவாங்கன்னு சொன்னியா, அதுதான் பகீர்னு ஆயிருச்சு. அதுவும் போக, நீதான் நல்ல நல்ல கதிராப் பார்த்து எடுத்து வச்சிருந்தியே. அப்புறம் எங்கிட்ட எதுக்கு இந்தச் சோணிக் கதிருன்னு நினைச்சேன்."

வேல் சிதறிக் கிடந்த சாமான்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது. அக்கா முன்னால் அழுதால் அவள் காரணம் கேட்பாள், கேட்டால் சொல்ல வேண்டிவரும், சொன்னால் அவள் அதற்குப் பிறகு ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்ன மாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டான்.

"நான் சொல்லி நீ எதைத்தாங்க்கா கேட்டிருக்க?" என்றான் கடைசியில்.

"ஆமா, கேட்டதில்லைதான்." அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கொட்டிக் கிடந்த கடுகைக் கையால் கூட்டத் தொடங்கினாள். "இந்த ஒரு தடவை கேட்டேன்."

அவனும் அவளோடு சேர்ந்து கடுகைக் கூட்டினான்.

"ஏண்டா, கேட்டது நல்லதாத்தானே போச்சு?" என்றாள்.

"நல்லதாப் போச்சுக்கா" என்றான் வேல்.